கதவுக்குக் குறுக்கே ஒரு ஸ்ட்ரெச்சர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செத்தவர்கள் நடைப்பிணங்களாக எழுந்து வரும் ‘தி வாக்கிங் டெட்’ அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். ரசிகர்கள் பல வருடங்களாகச் சொல்லிவரும் ஒரு கருத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த முறை பார்த்தேன். குண்டடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாயகன், போலீஸ்காரன் ரிக், கோமாவிலிருந்து எழவே இல்லை, பதினோரு சீசனும் அவன் தலைக்குள் நடக்கும் கனவு என்பதுதான் அது. நண்பன் ஷேன் அவனுடைய வன்மம், பண்ணைக்காரர் ஹெர்ஷல் அவன் மனசாட்சி, நடைப்பிணங்கள் அவனை இழுக்கும் சாவு. வாரக்கணக்கில் தண்ணீர்கூட இல்லாமல் ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிழைத்துக் கிடக்க முடியுமா? ஒன்பதாவது சீசனில் தன்னையே அந்தக் கட்டிலில் அவன் பார்ப்பது எதற்காக? கதையை எழுதிய ராபர்ட் கிர்க்மன் இதை மறுத்துவிட்டார். அவர் மறுத்தால் முடிந்ததா? இப்படி வாசிக்க எனக்கு உரிமை உண்டா என்பதுதான் என் கேள்வி.

கே.

அன்புள்ள கே.,

உரிமை உண்டு, அதை யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. கிர்க்மன் சொன்னதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2003இல் காமிக்ஸாக ஆரம்பித்து 193 இதழ் எழுதியவர், அவர் கருத்தை அவர் சொல்லிக்கொள்ளட்டும். தண்ணீர் விஷயம் கதையில் உள்ள ஓட்டை. ஓட்டையை ஓட்டை என்று விட்டுவிடுங்கள், அதற்குள் தத்துவத்தை ஊற்றாதீர்கள். ஒன்பதாவது சீசனுக்கும் பெரிய விளக்கம் வேண்டாம். உடம்பில் கம்பி ஏறி, ரத்தம் ஒழுக ஒழுகக் குதிரைமேல் போகிறவனுக்குத் தான் ஒருமுறை செத்துப் பிழைத்த கட்டில் நினைவுக்கு வராமல் வேறு எது வரும்? ரிக் தொடரைவிட்டுப் போன பிறகும் 2022 வரை அது ஓடியதே, அது யார் கண்ட கனவு?

எல்லாம் கனவு என்று சொல்லிவிட்டால் ஆழமாக வாசித்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு நம் ஆட்களிடம் இருக்கிறது. எனக்கு அது சோம்பலாகத்தான் தெரிகிறது. முதல் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ரிக்குக்கு அடைக்கலம் கொடுத்த மார்கன் மாடி ஜன்னலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் மனைவியின் போட்டோ. கீழே பையன் ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் அழுகிறான். தெருவில் அவள் வருகிறாள், செத்துப்போன பிறகும் நடந்து வருகிறாள். குறி பார்க்கிறான், விரல் மடங்கவில்லை. அதே நேரம் ரிக் வேறொரு இடத்தில், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் புல்லில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம், உனக்கு இப்படி ஆனதற்கு வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டுச் சுடுகிறான். மாடியில் நடந்ததை ரிக் பார்க்கவே இல்லை. மூன்றாவது சீசனில் மறுபடி சந்திக்கும்போதுதான் அவனுக்குத் தெரியவருகிறது, அன்றைக்குச் சுட முடியாமல் விட்ட அந்த அம்மாவே பிற்பாடு பையனைக் கடித்துவிட்டாள் என்று, பையன் கையிலும் துப்பாக்கி இருந்தது, அவனாலும் முடியவில்லை என்று. இதையெல்லாம் ஒரு மனிதனின் மூளை தன் வசதிக்குச் செய்துகொண்ட பொம்மலாட்டம் என்கிறீர்களா? மார்கனுக்கென்று ஒரு துக்கம் இருக்கக்கூடாதா, கே.?

ஆனால் எனக்குக் கோபம் வந்தது அதற்கல்ல, நீங்கள் ஷேனைப் பற்றி எழுதியதற்கு. நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். போன மாதம் ஊரில் எங்கள் பெரியப்பா வீட்டை விற்றார்கள், கையெழுத்துப் போட நானும் போயிருந்தேன். அந்த முன்கூடத்தைப் பார்த்ததிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது, உங்கள் கடிதமும் வந்து சேர்ந்தது.

முதல் சீசன் கடைசி எபிசோடு எப்படித் தொடங்குகிறது என்று மூன்று முறை பார்த்த நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி நடையில் பட்டாளத்துக்காரர்கள் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஷேன் ரிக்கின் கட்டிலருகே நின்று, எந்த ஒயரைப் பிடுங்குவது எதை விடுவது என்று தெரியாமல் தவிக்கிறான். குண்டு விழுந்து கட்டடம் குலுங்குகிறது, கரண்ட் போகிறது. ரிக்கின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறான். ஒன்றும் கேட்கவில்லை. அழுகிறான். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, ஒரு ஸ்ட்ரெச்சரை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே தள்ளிவிட்டு ஓடுகிறான்.

அந்த ஸ்ட்ரெச்சர்தான் எனக்கு இந்த 177 எபிசோடிலும் பெரிய விஷயம். செத்துவிட்டான் என்று நம்பினவன் எதற்காகக் கதவை அடைக்கிறான்? உயிரோடு இருக்கிறான் என்று நம்பினால் எப்படி விட்டுவிட்டுப் போகிறான்? இரண்டும் ஒரே ஆளுக்குள், ஒரே நிமிடத்தில் இருக்கிறது. அவன் பிற்பாடு செய்ததெல்லாம் எனக்கும் தெரியும், ரிக்கின் மனைவி விஷயம், காட்டுக்குள் ரிக்கையே கொல்ல அழைத்துப்போனது, எல்லாம். அதை வைத்துக்கொண்டு இந்த நிமிடத்தை அழிக்க முடியாது.

2003 மார்கழி. பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு நாள் மதுரையில் வைத்திருந்தோம். ஏழாம் நாள் காலையில், இனி ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், மாஸ்க்கை எடுத்தால் பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டார்கள். ஏற்பாடுகளைப் பார்க்க அப்பா என்னை முன்னால் பஸ் ஏற்றி அனுப்பினார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பந்தலுக்குச் சொன்னேன், நாற்காலிக்குச் சொன்னேன். எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்து பதினோரு பேருக்குப் போன் போட்டேன். “பெரியப்பா தவறிட்டாங்க.” ஆம்புலன்ஸ் அப்போது திருப்புவனத்தைக்கூடத் தாண்டியிருக்காது. பதினோரு முறையும் குரல் நடுங்காமல் சொன்னேன். கடைசியாக ஐஸ் பெட்டிக்காரரிடம் போனேன். முன்பணம் கொடுத்தேன், பேர் எழுதிக்கொண்டார். திரும்பி நடந்தவன் பாதித் தெருவிலிருந்து மறுபடி போய், “அண்ணே, நான் சொன்னப்புறம் அனுப்புங்க” என்றேன். ஏன் சொன்னேன்? போன் போட்டவனும் நான்தான், இதைச் சொன்னவனும் நான்தான்.

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. தெருமுனையில் யாரோ “பாடி வந்துருச்சா?” என்று கேட்டார்கள். அறுபத்து நாலு வருடம் ஊரே பேர் சொல்லி, முறை சொல்லிக் கூப்பிட்ட மனிதர், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடி ஆகிவிட்டார். முன்கூடத்தில் தெற்கே தலைவைத்துப் படுக்கப்போட்டார்கள். மாஸ்க்கை எடுத்தார்கள். பத்து நிமிடம் ஆனது, அரை மணி ஆனது. பரமக்குடி அத்தை தெருவிலிருந்தே அழுதுகொண்டு வந்து, மாரில் அடித்தபடி உள்ளே நுழைந்தாள். அந்தச் சத்தத்துக்குப் பெரியப்பா கண்ணைத் திறந்து, வாய் ஒருபக்கம் கோணியபடி, “இந்தா” என்றார்.

பெரியம்மாவை அவர் ஆயுசு முழுக்க அப்படித்தான் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் பேரே “இந்தா”தான். அத்தனை பேரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள், நானும் நகர்ந்தேன். பயம். பெரியம்மா மட்டும் சாதாரணமாக எழுந்து, “தண்ணி வேணுமா?” என்று கேட்டுக்கொண்டு டம்ளரோடு போனாள்.

இப்போது ரிக் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருவதைப் பாருங்கள். மேலே ஆஸ்பத்திரி அங்கி, காலில் செருப்பில்லை, தள்ளாட்டம், பேச்சில்லை. மார்கனின் பையன் மண்வெட்டியால் மண்டையில் ஒன்று போடுகிறான். அவன் கண்ணுக்கு ரிக்கும் இன்னொரு பிணம்தான், அதில் அவன் தப்பு என்ன? மார்கன் ஓடிவந்து, அவன் என்னமோ சொன்ன மாதிரி இருந்ததே என்கிறான். என்னைக் கார்ல் என்று கூப்பிட்டான் என்கிறான் பையன். அதுகள் பேசாது என்று உனக்குத் தெரியுமே என்கிறான் அப்பன். மகன் பேரைத் தப்பான பையனிடம் சொன்னதால்தான் ரிக் பிழைத்தான். உங்களுக்கு மாற்று வாசிப்பு வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தத் தொடரின் முதல் நடைப்பிணம் ரிக்தான். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்து, செத்தான் என்று முடிவுசெய்து விட்டுவிட்டுப் போகப்பட்டவன், எழுந்து நடக்கிறான். அப்புறம் ஹெர்ஷல் தன் மனைவியையும் அவளுடைய மகனையும் களஞ்சியத்தில் பூட்டிவைத்து, இவர்கள் நோயாளிகள் என்று சொல்லும்போது நமக்குச் சிரிக்கத் தோன்றாது. அவர் சொன்னது தப்புதான். ஆனால் ரிக் விஷயத்தில் ஷேன் முடிவு செய்ததும் தப்புதானே. எது பாடி, எது ஆள் என்று நாம் எவ்வளவு சீக்கிரம் தீர்மானித்துவிடுகிறோம் என்பதைத்தான் இந்தத் தொடர் சீசன் சீசனாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதைக் கனவு என்று சொன்னால் கேள்வியே போய்விடும்.

பெரியப்பா அதற்கப்புறம் நாலு வருடம் இருந்தார். வலது கை வரவில்லை, இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார். பதினோரு பேருக்கும் மறுபடி போன் போட்டு நான்தான் சொன்னேன். அதில் இரண்டு பேர் நம்பவில்லை, மாலையோடு வந்துவிட்டார்கள். இரவு ஐஸ் பெட்டிக்காரரே வீடு தேடி வந்து, “தம்பி, அனுப்பட்டுமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து பெரியப்பா பேசும் சத்தம் கேட்டது. சட்டைப்பையிலிருந்து முன்பணத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, யாரும் சொல்லவில்லை. ரிக்கும் அப்படித்தான், முதல் எபிசோடில் கதவைத் திறந்து அந்த ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவிட்டு வெளியே வருகிறான், அதை யார் அங்கே வைத்தார்கள் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல்.