தொண்ணூறு ஓட்டு

அன்புள்ள ஐயா,

என் சித்தப்பா இரண்டு சட்டமன்றத் தேர்தல்களில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தவர். அடுத்த முறையும் நிற்பேன் என்று அடம்பிடிக்கிறார். சித்தி அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். பதினாறு வருடம் பட்டினி கிடந்த மணிப்பூர் போராளி இரோம் ஷர்மிளாவுக்கே 90 ஓட்டுப் போட்ட நன்றிகெட்ட ஜனங்கள் உள்ள நாட்டில் நல்லவர்கள் எதற்கு நிற்கவேண்டும்? சித்தப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

சித்தி பேசாமலிருப்பது குடும்ப விவகாரம், அதற்குள் நான் வரவில்லை. ஷர்மிளாவைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

2000 நவம்பரில் மணிப்பூரின் தலைநகர் இம்பாலுக்குப் பக்கத்தில் மாலோம் பஸ் ஸ்டாப்பில் பத்துப் பேரைப் பாதுகாப்புப் படையினர் சுட்டுக்கொன்றார்கள். படையினருக்குச் சுடவும் வாரண்ட் இல்லாமல் பிடிக்கவும் அதிகாரம் தருகிற ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கும்வரை சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்தவர் 2016 ஆகஸ்ட் வரை சாப்பிடவில்லை. தற்கொலை முயற்சி என்று வழக்குப் போட்டு, ஆஸ்பத்திரியில் காவலில் வைத்து, மூக்கில் குழாய் செருகி உயிரைப் பிடித்துவைத்தார்கள். வெளியே வந்து கட்சி தொடங்கி, 2017 தேர்தலில் அவர் நின்றது தௌபாலில். பதினைந்து வருடமாக முதலமைச்சராக இருந்த இபோபி சிங்கின் சொந்தத் தொகுதி அது. சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டார். இபோபிக்கு 18,649, இவருக்கு 90. நோட்டாவுக்கே 143 விழுந்தது.

உடனே 'நன்றிகெட்ட ஜனங்கள்' என்கிறீர்கள். செய்ததற்குத் திருப்பிச் செய்ய ஓட்டு என்ன மொய்ப்பணமா? பட்டா மாறுதலுக்கு யார் தாசில்தாரிடம் பேசுவார், பையனை ஸ்டேஷனில் உட்காரவைத்தால் யார் போன் போடுவார் என்று பார்த்துத்தான் எந்த ஊரிலும் பாதிப்பேர் போடுகிறார்கள். தௌபால்காரர்கள் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கவேண்டும்? உங்கள் தெருவில் குடிதண்ணீர் வராதபோது தியாகிகள் பட்டியலையா எடுத்துப் பார்க்கிறீர்கள்?

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சுயேச்சையாக நின்றபோது பூத் ஏஜெண்டாக நான் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் சரியாக வேலைசெய்கிறதா என்று விடிகாலையில் மாதிரி ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள், ஆளுக்கு இரண்டு மூன்று என்று. எண்ணியபோது வாத்தியாரும் ஆளுங்கட்சி வேட்பாளரும் சமம். 'தம்பி, இதோட நிறுத்திக்கிட்டா நல்லாருக்கும்ல' என்றார் ஆளுங்கட்சி ஏஜெண்ட். பிறகு எல்லாவற்றையும் அழித்து, பூஜ்யம் காட்டி, சீல் வைத்தார்கள். மதியம் எனக்கும் சேர்த்து சாம்பார் சாதப் பொட்டலம் வாங்கிவரச் சொன்னவரும் அவர்தான். உள்ளே வருகிற ஒவ்வொருவரின் பேர், தெரு, சம்பந்தி வீடு எல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் பட்டியலில் பேரைத் தேடி டிக் அடிப்பதற்குள் அது யாருடைய ஓட்டு என்று முணுமுணுத்துவிடுவார். எனக்கு வந்தவர்களில் பாதிப்பேரைத் தெரியாது. வாத்தியார் தோற்கப்போவது பத்து மணிக்கே தெரிந்துவிட்டது.

ஷர்மிளா விஷயத்தில் திட்டியே தீரவேண்டுமென்றால் 2016 ஆகஸ்டுக்குத் திட்டுங்கள். அவர் சாப்பிடப்போகிறேன், தேர்தலில் நிற்கப்போகிறேன், கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று சொன்னபோது, அதுவரை கும்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்க இடம் கொடுக்க எதிர்ப்பு. வேறு வழியில்லாமல் அதே ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனார். பட்டினியை முடிக்கத் தேனைத் தொட்டு நாக்கில் வைத்த ஒரு பெண்ணுக்கு நடந்தது அது. தோல்வியைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

மணிப்பூரைச் சொல்கிறோமே, தோற்றபின் அவர் வந்து சேர்ந்தது உங்கள் மாவட்டத்துக் கொடைக்கானலுக்குத்தான். 2017இல் அங்கே பதிவுத் திருமணத்துக்கு விண்ணப்பித்தபோது, அவர் தங்கினால் மலையின் அமைதி கெடும் என்று ஆட்சேபம் கொடுத்தது நம் ஆட்கள். சார்பதிவாளர் அதைத் தள்ளிவிட்டுக் கல்யாணத்தை நடத்திவைத்தார். அப்போது உங்கள் திண்டுக்கல்லில் எத்தனை பேர் கோபப்பட்டீர்கள்?

சித்தப்பா. பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் அவர் பணம், அதற்கு நகை அடகுக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் பூத்தில் உட்கார ஆள் கிடைக்காமல் அலைவார். நீங்கள் போய் உட்காருங்கள். மாதிரி ஓட்டுக்கு ஐந்தரைக்கே அங்கே இருக்கவேண்டும்.