வாசகர் கேள்வி - பதில்: கம்போடியாவுக்குச் சேவைப் பயணம்

கேள்வி: உயர்நிலைப் பள்ளி ஆசிரியை நான். இந்த நவம்பரில் 22 மாணவர்களைச் சேவைவழிக் கற்றலுக்காகச் சியெம் ரீப்புக்கு அழைத்துப் போகிறோம். ஏற்பாட்டாளர் தந்த ஏழு நாள் திட்டத்தில் ஒரு நாள் அநாதை இல்லம், இரண்டு நாள் கிராமப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தல், ஒரு நாள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசுதல், மீதி நாள்களில் அங்கோர் வாட், சந்தை. எதையாவது மாற்ற வேண்டுமா?
- ஓர் ஆசிரியை, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் அநாதை இல்லத்தை எடுத்துவிடுங்கள். நேரத்தைக் குறைத்து ஒரு மணி நேரமாக்கலாமா என்று ஏற்பாட்டாளர் கேட்பார், அதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

காரணம் இதுதான். கம்போடிய அரசும் யுனிசெஃப்பும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டு இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு கூடியது. அந்த ஆண்டுகளில் அங்கே போர் இல்லை, கூடியது சுற்றுப்பயணிகளும் நன்கொடையும்தான். பிள்ளைக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று சொன்னால் ஏழைப் பெற்றோர் நம்பி அனுப்பிவிடுகிறார்கள், இல்லத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அந்த அளவுக்குப் பணம் வருகிறது, பார்க்கப் பாவமாக இருந்தால் இன்னும் அதிகமாக வருகிறது. 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது, அநாதை இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. நம் மாணவர்கள் எடுத்துப்போகும் அரிசி மூட்டையும் பொம்மையும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்கின்றன, அவர்கள் மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.

நல்ல இல்லங்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் முன்பின் தெரியாத 22 பேரை உள்ளே விட்டு, பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்ச அனுமதிக்கிற இடத்தை நல்ல இல்லம் என்று நான் சொல்ல மாட்டேன். ஈசூனில் ஒரு பாலர் பள்ளிக்குள் வெளிநாட்டு மாணவர்கள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கிப் பிள்ளைகளை மடியில் வைத்துப் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா? வாரம் ஒரு குழு வந்து பாசம் காட்டிவிட்டுத் திரும்பி வராமலே போனால் அந்தக் குழந்தை யாரை நம்பும்?

ஆங்கிலம் கற்பிப்பதும் யோசிக்க வேண்டியதே. கம்போடிய அரசுப் பள்ளிகள் பலவற்றில் காலை, மாலை என இரண்டு வேளையாகப் பாடம் நடக்கிறது, ஒரு பிள்ளைக்கு அரை நாள்தான் வகுப்பு. அதில் இரண்டு நாளை நிறங்களின் பெயரும் விலங்குகளின் பெயரும் சொல்லிக்கொடுக்க எடுத்துக்கொள்கிறோம். போன மாதம் வந்த குழுவும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கும். அந்த வகுப்பு ஆசிரியர் என்ன கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். உங்கள் மாணவர்களோடு ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று அவரே விரும்பக்கூடும், அப்போது அவர் நடத்தும் வகுப்பில் உங்கள் பிள்ளைகள் உட்காரட்டும்.

சுவருக்கு அந்த ஊர்ப் பெயிண்டரை வைத்துக் கூலி கொடுங்கள்.

கேள்வி: அநாதை இல்லம் வேண்டாம், கட்டட வேலை வேண்டாம் என்கிறார்கள். சரி, அப்படியானால் என்னதான் செய்வது? கூட்டுச் சேரும் அமைப்பு நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- தொண்டூழியப் பொறுப்பாசிரியர், தெம்பனிஸ்

பதில்: முதலில் கம்போடியாவின் காண்டால் மாகாணத்துக் கிணறுகளைப் பற்றிச் சொல்கிறேன். மேக்கோங் ஆற்றோரக் கிராமங்கள் அவை. குளத்து நீரும் ஆற்று நீரும் குடித்து வயிற்றுப்போக்கு வருகிறது என்று அங்கே வெளியார் உதவியோடு நிறையக் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகுதான் பல கிணறுகளில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது தெரிந்தது. அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை, பல ஆண்டுகள் குடித்த பிறகு தோலில் புள்ளிகளும் தடிப்புகளுமாக வெளிவரும். கிணறு போடுவதில் தேர்ந்தவர்களுக்கே இப்படி நேர்ந்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் ஊருக்குள் எதையாவது நிறுவிவிட்டு வரும் திட்டங்களைக் கண்டால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அமைப்பிடம் கேட்க வேண்டியதை நேராகவே கேளுங்கள். இந்த வேலை வேண்டும் என்று ஊரில் யார் சொன்னார்? போன குழு செய்தது இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பழுதானால் யார் பார்க்கிறார்? மாணவர் கட்டும் பணத்தில் ஊருக்குள் எவ்வளவு போகிறது? பிள்ளைகளின் பாதுகாப்புக்கு எழுத்தில் விதிகள் உண்டா? நாங்கள் வராவிட்டாலும் இந்த வேலை நடக்குமா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. பதில் சொல்லத் தயங்கினால் வேறு அமைப்பைப் பாருங்கள், விமானச் சீட்டு வாங்கும் முன்பே.

தேதியையும் நம் பள்ளி விடுமுறையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நவம்பர் பௌர்ணமியை ஒட்டி அங்கே நீர்த்திருவிழா வரும், மூன்று நாள் விடுமுறை. அதே பருவத்தில் நெல் அறுவடையும் தொடங்கிவிடும், வயலில் ஆள் தேவைப்படும் நேரத்தில் நமக்குச் சமைத்துப்போடவும் ஊரைச் சுற்றிக்காட்டவும் ஆள் கேட்கக் கூடாது. 2025-இல் தாய்லாந்து எல்லையில் சண்டை நடந்ததால் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையையும் பாருங்கள்.

என்ன செய்யலாம் என்றால், கற்றுக்கொள்ளப் போங்கள். கார்டமம் மலையில் சீ பாட் என்று ஒரு ஊர். மரம் வெட்டியும் வேட்டையாடியும் பிழைத்தவர்கள் பலர் அங்கே இன்று காட்டு வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் தங்கி, கட்டணம் கொடுத்து, நாற்றங்காலில் அவர்கள் சொல்கிற வேலையைச் செய்யலாம். சியெம் ரீப்பிலேயே அப்போப்போ (APOPO) என்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்பின் மையத்தில் எலிகள் கண்ணிவெடிகளை மோப்பம் பிடித்துக் காட்டுவதைப் பார்க்கலாம். அதில் மகாவா என்ற எலி 2020-இல் பிரிட்டிஷ் விலங்குநல அமைப்பொன்றின் தங்கப் பதக்கமே வாங்கியது, மாணவர்களுக்கு அந்தக் கதை மறக்காது. ஆனால் கண்ணிவெடி ஏன் அந்த மண்ணில் இருக்கிறது, 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற தீவிரக் கம்யூனிச இயக்கத்தின் ஆட்சியில் என்ன நடந்தது என்பதையெல்லாம் இங்கேயே சில மாதங்கள் படித்துவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: மகளின் பயணத்துக்கு 1,900 வெள்ளி கேட்கிறார்கள். அந்தப் பணத்தை அப்படியே கிராமத்துக்கு அனுப்பினால் என்ன?
- ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

பதில்: ஏழைகளுக்கு உதவுவது மட்டுமே நோக்கம் என்றால் அனுப்புங்கள், அதுதான் சரி. பயணம் உங்கள் மகளின் படிப்புக்கான செலவு. அப்படி நினைத்துக் கொடுப்பதில் தப்பே இல்லை, பள்ளியும் கடிதத்தில் அப்படியே எழுத வேண்டும். “ஏழைக் குழந்தைகளின் வாழ்வை மாற்றப் போகிறோம்” என்று உறவினர்களிடம் நன்கொடை திரட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கட்ட முடியாத மாணவருக்கு உதவித்தொகை உண்டா என்றும் கேளுங்கள்.

சேவை செய்யக் கடல் தாண்ட வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஊழியர்கள் இங்கே விடுதிகளில் இருக்கிறார்கள். அவர்களோடு ஆண்டு முழுக்கப் பழகலாம், அவர்களில் பலரோடு உங்கள் மகளால் தமிழிலேயே பேச முடியும்.

கேள்வி: நான் உயர்நிலை மூன்று மாணவன். அங்கே எடுக்கும் படங்களை இன்ஸ்டகிராமில் போடலாமா?
- ஒரு மாணவன், செங்காங்

பதில்: தம்பி, கோயில், உன் நண்பர்கள், சாப்பாடு, மழை எல்லாம் தாராளமாகப் போடு. சிறு பிள்ளைகளின் முகத்தை மட்டும் போடாதே, பெற்றோர் சம்மதம் இருந்தாலும் பெயரும் ஊரும் பள்ளியும் சேர்த்துப் போடாதே. பெரியவர்களைப் படம் எடுக்கும் முன் கேள், எடுத்ததை அவர்களிடம் காட்டு, வேண்டாம் என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடு. குழுவில் யார் படம் எடுப்பது, எதைப் பகிர்வது என்று புறப்படுவதற்கு முன்பே ஆசிரியரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.