விண்டோஸ் 11-க்கு மாறியதிலிருந்து டிஸ்ப்ளே சொதப்புகிறது, கிராஃபிக்ஸ் டிரைவரை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி கேட்டவர் சொல்லியிருக்கும் விவரம் இது: வீட்டுக் கம்ப்யூட்டரை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றியிருக்கிறார். கிராஃபிக்ஸ் கார்டு, என்விடியா ஜிடி 710. மாற்றியதிலிருந்து எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிகிறது, யூடியூப் திக்கித் திணறுகிறது, இருப்பதிலேயே புது டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, இறக்கிப் போட்டாலும் ஏறமாட்டேன் என்கிறது. கார்டு போய்விட்டதா, வேறு வாங்க வேண்டுமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதால், ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்தை எல்லாம் 11-க்கு மாற்றி இதே கதையில் மாட்டியவர்கள் எங்கள் பக்கமும் உண்டு. வீரவநல்லூரில் இருக்கிற அத்தான் போன் போட்டு, "மாப்ள, எழுத்து ஒண்ணொண்ணும் நெல்லையப்பர் தேர் கணக்கா நிக்கு, என்னன்னு வந்து பாரு" என்றார். அவர் வீட்டிலும் ஜிடி 710தான், ஐ3-9100எஃப் ப்ராசஸரோடு. அந்த 'எஃப்' முக்கியம். இன்டெல் ப்ராசஸர் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டைக் கழற்றிவிட்டால் படமே வராது. ஆகவே கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டில் கேபிளைச் செருகிப் பார்க்கும் வழி இந்த மாதிரி சிஸ்டத்தில் செல்லாது.

முதலில் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். அங்கே என்ன பெயர் இருக்கிறது என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், கார்டுக்கு உரிய டிரைவர் இல்லாமல் விண்டோஸ் தன்னிடம் இருக்கும் ஒப்புக்கான டிரைவரை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறது. ரெசல்யூஷனை மாற்ற விடாது, அதனால் எழுத்து பெரிதாகத் தெரியும். வீடியோவைப் பிரிக்கும் வேலையும் ப்ராசஸர் தலையில் விழும், அதனால் யூடியூப் திணறும். உங்களுடைய அறிகுறிகள் அப்படியே இதற்குப் பொருந்துகின்றன. கார்டின் பெயர் சரியாக இருந்து பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அதில் டபுள் கிளிக் செய்து 'கோடு' (Code) என்று காட்டும் பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 43 என்றால் கொஞ்சம் கவலைப்பட வேண்டிய எண். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இருப்பதிலேயே புதிய டிரைவர் ஏறவில்லை என்கிறீர்களே, அது ஏறாது. ஜிடி 710 கெப்ளர் தலைமுறைக் கார்டு. அந்தத் தலைமுறைக்குப் புது டிரைவர் தருவதை என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. 470 வரிசைதான் கடைசி. அதன் பிறகு 2024 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்தன. 472, 474, 475 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் இந்த வரிசை, விண்டோஸ் 11-லும் ஓடும். ஐந்நூறைத் தாண்டிய எதைப் போட்டாலும், பொருத்தமான ஹார்டுவேர் இல்லை என்று இன்ஸ்டாலர் கையை விரித்துவிடும். உங்கள் கார்டுக்கு என்று வந்த கடைசி டிரைவர்தான் உங்களுக்கு நல்ல டிரைவர். இதைவிடப் பழைய ஃபெர்மி கார்டாக இருந்தால் 391 வரிசையோடு சரி. ஜிடி 730-ல் ஃபெர்மியும் உண்டு, கெப்ளரும் உண்டு, பெட்டியில் இருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ வைத்திருப்பவர்களுக்கு 580 வரிசை கடைசி.

என்விடியா தளத்துக்கே போய், மாடலையும் விண்டோஸ் பதிப்பையும் நீங்களே தேர்ந்தெடுத்து இறக்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள். இலவசம் என்று கூப்பிட்டு, ஸ்கேன் முடிந்ததும் ஏகப்பட்ட டிரைவர் பழசு, காசு கட்டு என்று பயமுறுத்துவதுதான் அவற்றின் தொழில்.

ஃபைல் இறங்கியதும் நெட்டைத் துண்டியுங்கள், லேன் வயரானாலும் வைஃபையானாலும். பலர் இதைச் செய்யாமல்தான் திரும்பத் திரும்ப அல்லாடுகிறார்கள். நெட் இருந்தால் நீங்கள் ஒரு பக்கம் டிரைவர் ஏற்ற, விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் இன்னொரு பக்கம் தன் டிரைவரை ஏற்றும், இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்புறம் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் ஓடும் சேஃப் மோடுக்குப் போங்கள். சில சிஸ்டங்களில் இங்கே, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் சாவி எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சேஃப் மோடில் டிடியு என்கிற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஓட்டி, பழைய டிரைவரின் மிச்சம் மீதியைத் துடைத்து, ரீஸ்டார்ட் ஆனதும் 475-ஐப் போடுங்கள். இலவசக் கருவிதான். அதையும் டிரைவரோடு சேர்த்து முதலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். திரை ஒருமுறை கறுத்து மறுபடி வரும்போது எழுத்து பழைய அளவுக்கு வந்திருக்கும். அத்தான் வீட்டில் இதோடு முடிந்தது. பிறகு நெட்டை மாட்டிக்கொள்ளலாம்.

சரியான டிரைவர் ஏறிய பிறகும் நடுநடுவே திரை கறுத்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு பீப் சத்தத்தோடு கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். விண்டோஸ் தனக்குள் நடப்பதைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற பதிவு வரிசையாக நின்றால், டிரைவர் பதில் சொல்லாமல் உறைந்து மீண்டிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் வழக்கமாக இரண்டு விநாடிதான் பொறுக்கும். அந்த நிலையில் டிரைவரையே நோண்டிக்கொண்டு இருக்காமல் கேபினெட்டைத் திறப்பது புத்திசாலித்தனம்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது சும்மா சொல்வதில்லை. ஆடிக் காற்றில் திசையன்விளைப் பக்கத்துச் சிவந்த தேரி மண் பறக்கும்போது ஜன்னலோரம் இருக்கிற சிஸ்டத்துக்குள் போகாமல் இருக்குமா? அங்கே ஒரு வீட்டில் திறந்து பார்த்த ஜிடி 710-ல், சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்கின் இடுக்கெல்லாம் செக்கச்செவேல் என்று அடைந்து கிடந்தது. விரலால் தள்ளினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, ஃபேனில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் கறுப்புத் திரை நின்றுவிட்டது. இன்னொன்று, டவுனில் கடையில் கொடுத்து ராம் போட்டுவிட்டு, சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. குலுங்கின குலுக்கலில் கார்டு ஸ்லாட்டிலிருந்து ஒரு மயிரிழை எழும்பியிருக்கும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் துடைத்து அழுத்தி மாட்டுங்கள்.

கோடு 43 என்பது, கார்டே தனக்கு ஏதோ கோளாறு என்று சொல்லி விண்டோஸ் அதை நிறுத்தி வைத்திருப்பது. டிரைவராலும் வரும், கார்டாலும் வரும். மேலே சொன்னதெல்லாம் செய்தும் அது போகவில்லை என்றால், தெரிந்தவர் சிஸ்டத்தில் உங்கள் கார்டை மாட்டிப் பாருங்கள். அங்கேயும் 43 என்றால் கார்டு காலி. அப்போது வாங்கலாம், ஆனால் இன்னொரு ஜிடி 710-ஐ மட்டும் யாரும் விலை குறைவு என்று தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.