சைலேஜ் பாதி ஆட்டுக்கு, பாதி காலடிக்கா?

கேள்வி: மணலி புதுநகரில் 20 செம்மறி ஆடு வளர்க்கிறேன். ஏஜென்ட் மூலம் 60 கிலோ மக்காச்சோள சைலேஜ் (காற்றுப் புகாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்) பேல், அதாவது இறுக்கிக் கட்டிய கட்டு, வாங்கிப் போடுகிறேன். நிறைய மிதிபட்டு வீணாகிறது, மிச்சம் மறுநாள் சூடேறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: தரையில் கொட்டுவீர்கள், இல்லாவிட்டால் நீல டிரம்மை இரண்டாக வெட்டிப் போட்டிருப்பீர்கள். ஆடு அதற்குள் காலை வைத்து ஏறி புழுக்கை போட்டுவிட்டால் அப்புறம் ஒன்றும் வாய் வைக்காது. தொட்டியை ஒரு அடி உயரத்தில் வைத்து, மேலே நீளவாட்டில் ஒரு சவுக்குக் கம்பு கட்டுங்கள், தலை மட்டும் நுழையட்டும். ஓர் ஆட்டுக்கு ஒரு அடி இடம் வேண்டும். இரண்டு பக்கமும் நின்று தின்றால் 10 அடித் தொட்டி போதும்.

பெரிய ஆட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் 2 கிலோ, காலை மாலை பிரித்துப் போடுங்கள், கூடவே கொஞ்சம் காய்ந்த தீவனமும். பேலை முழுசாக அவிழ்க்காமல் தேவையானதை மட்டும் எடுத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி இறுக்கிக் கட்டி, நிழலில் வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு மறுநாளே தீர்த்துவிட வேண்டும்.

ஆனால் தொட்டிக்கு வருவதற்கு முன்பே உங்கள் காசு வீணாகிறதா என்று பாருங்கள். 60 கிலோ பேலில் ஈரம் 70 சதவீதம் என்றால், தண்ணீர் போக ஆட்டுக்கு உண்மையில் கிடைப்பது 18 கிலோ, 80 சதவீதம் என்றால் 12 கிலோதான், விலை மட்டும் ஒன்றே. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள், தண்ணீர் சொட்டினால் வாங்காதீர்கள். கதிரை விற்றுவிட்டு வெறும் தட்டையை அரைத்துக் கட்டுபவர்களும், எலி கடித்த ஓட்டையில் டேப் ஒட்டித் தள்ளுபவர்களும் இருக்கிறார்கள், அதனால் பிரித்துப் பார்க்காமல் மொத்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள். நீங்கள் வாங்கிய பேல் எதிலாவது ஈரம் எவ்வளவு என்று ஒரு வரி இருந்ததா? சோதித்துப் பார்க்கலாம் என்றால், கால்நடைப் பல்கலைக்கழகம் மாதவரத்தில், அதன் தீவனப் பரிசோதனைக் கூடம் நாமக்கல்லில். 20 ஆடு வைத்திருப்பவர் ஒரு கைப்பிடி மாதிரியோடு நாமக்கல் போவாரா?

சினை ஆட்டுக்கு மட்டும் தனிக் கணக்கு. மற்ற ஆடுகள் ஒதுக்கிய மிச்சத்தை, வீணாகிறதே என்று அதற்குத் தள்ளாதீர்கள். பூஞ்சை பிடித்த பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் போடுவதும் கூடாது, சுற்றியிருப்பதும் கெட்டிருக்கும். கெட்ட சைலேஜில் பெருகும் லிஸ்டீரியா கிருமியால் சினை கலையும்; தலை ஒரு பக்கம் சாய்ந்து ஆடு வட்டமடிக்கும். அப்படி ஓர் ஆட்டைப் பார்த்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள், அந்தப் பேலை எந்த ஆட்டுக்கும் போடாதீர்கள்.