நானே வந்துவிடலாமா?

அன்புள்ள அண்ணா,

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 53. 1998இல் சேர்ந்தது, இன்றுவரை இதே மில்தான். ஒரு வருடமாகப் நூல் சுற்றும் கதிர்கள் பாதி ஓடவில்லை, இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். போன மாதம் என்னோடு சேர்ந்த இரண்டு பேரை ஆபீசுக்குக் கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது, பையன் காலேஜ் கடைசி வருடம், வீட்டுக் கடன் கொஞ்சம் பாக்கி. சோமனூரில் இருக்கும் மச்சினன், எட்டு விசைத்தறி விலைக்கு வருகிறது, பிஎஃப் பணத்தை எடுத்துப் போடுங்கள் மாமா, கூலிக்கு ஓட்டினால் சம்பளத்துக்குக் குறையாது என்கிறான். அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நானே மரியாதையாக வந்துவிடலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாமுங்க.

அன்புள்ள நண்பருக்கு,

வராதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

மரியாதையாக வந்துவிடுவது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வீம்பு உண்டு. ஒரு சொல் கேட்டுவிடக் கூடாது, யார் முன்னாலும் போய் நிற்கக் கூடாது. அந்த வீம்பு மில்காரருக்குத்தான் லாபம். நீங்களாக எழுதிக் கொடுத்தால் அது ராஜினாமா, அவர்களாக அனுப்பினால் ஆட்குறைப்பு. ஆட்குறைப்பில் தொழிலாளி என்ற கணக்கில் வருகிறவருக்கு, வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். சூப்பர்வைசருக்கு அது கிடையாது என்பார்கள், உங்கள் சம்பளத்தைப் பொறுத்து அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதை மில் ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது, திருப்பூரிலோ கோவையிலோ தொழிலாளர் வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, எப்படி வெளியே வந்தாலும் உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 22,000 என்று வைத்தால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 27 வருடத்தால் பெருக்குங்கள், 3 லட்சத்து 42 ஆயிரம் சொச்சம் வரும். நீட்டுகிற காகிதத்தில் இதற்குக் குறைவாக இருந்தால் பேனாவை எடுக்காதீர்கள். அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் மூடியதையும், 2020 மார்ச்சில் ஊரடங்குக்காகப் பூட்டிய கோவை என்டிசி மில்கள், மத்திய அரசு மில்கள், பழையபடி ஓடாமல் போனதையும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நின்றதையும் பார்த்தவர்களுக்கு எந்தக் கம்பெனியும் நிரந்தரம் என்று தோன்றாது. அதனால் வேலை போகும் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பாகப் போடுவது பிஎஃப் பென்ஷன் கணக்கைத்தான். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் உச்சவரம்புச் சம்பளமான 15,000ஐ மொத்த வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுத்துவிட்டு ஆறாயிரம் பக்கம் வரும் என்று இருப்பார்கள். 2014 ஆகஸ்ட் வரை அந்த உச்சவரம்பு 6,500தான், அதுவரையிலான வருடங்களுக்கு அந்தத் தொகையை வைத்துத்தான் போடுவார்கள். உங்களுக்கு முதல் 16 வருடம் 6,500இல், பிறகு 11 வருடம் 15,000இல். இன்றைக்கு வெளியே வந்தால் 58 வயதில் மாதம் ஏறக்குறைய 3,840. இன்னும் ஐந்து வருடம் இங்கேயோ வேறெங்கேயோ பிஎஃப் பிடிக்கிற வேலையில் இருந்தால் 4,910. 20 வருடம் தாண்டியவர்களுக்குக் கூட்டித் தரும் 2 வருடத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அவசரப்பட்டு 53இலேயே பென்ஷன் கேட்டால், 58க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள், கையில் மூவாயிரத்துச் சொச்சம்தான் நிற்கும், அதுவும் ஆயுசு பூராவும்.

அது பற்றாது, தெரியும். மீதியை ஈடுகட்ட இருப்பது அந்த பிஎஃப் தொகை ஒன்றுதான். அதைத்தான் மச்சினன் கேட்கிறார். 58க்கு மேல் நீங்களும் வீட்டம்மாவும் சாப்பிட வேண்டிய சம்பளம் அது, முதலீடு செய்வதற்கு வந்த பணம் இல்லை. அப்படியே விட்டால் வட்டி சேரும், 2024-25க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். 60 முடிந்ததும் போஸ்ட் ஆபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும், 30 லட்சம் வரை போடலாம்.

தறியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? நூல் விற்கிற மில்லில் இருபத்தேழு வருடம் இருந்தவர் நீங்கள். நூல் பாவு கொடுத்து நெய்யச் சொல்பவர் வைத்ததுதான் கூலி, பேசி முடித்த கூலியைக்கூடத் தரவில்லை என்று 2022இல் சோமனூர், பல்லடம் தறிக்காரர்கள் வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினார்கள், 2025இலும் நிறுத்தினார்கள். கரண்ட் பில் கட்ட முடியாமல் தறியை எடைக்குப் போட்டவர்களும் உண்டு. எட்டுத் தறி ஏன் விலைக்கு வருகிறது என்று மச்சினனிடம் கேட்டீர்களா? அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பெருந்துறை ஈமு கோழியில் பணம் போடச் சொன்ன மாமன் மச்சான்களும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், 2012இல் போட்ட பணம் திரும்பாமல் ஆட்கள் ஏமாந்து நின்றது ஊருக்கே தெரியும்.

வேலை போனால் வேறு வேலைக்குப் போங்கள். மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவருக்குச் சின்ன மில்லில் இடம் கிடைக்கும், சம்பளம் முக்கால்வாசிதான் தருவார்கள், உங்களிடம் வேலை கற்ற பையனுக்குக் கீழே நிற்க வேண்டியும் வரலாம். நின்றால் என்ன? பையன் படிப்பு முடிகிறவரை மாதம் வருமானம் வர வேண்டும், பிஎஃப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி.

ஒன்று விட்டுவிட்டேன். சம்பளம் 21,000க்கு மேல் போயிருந்தால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ இருக்காது, மில் போட்டிருக்கும் குரூப் இன்சூரன்சும் வேலையோடு போய்விடும். சம்பளம் வருகிறபோதே குடும்பத்துக்குத் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள், சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள், அந்த மூன்று வருடம் இப்போதே ஓட ஆரம்பிப்பது நல்லது.

அப்புறம், வீட்டில் சொல்லுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பிஎஃப் பாஸ்புக்கை போனில் திறந்து, நாமினி யார் என்று இருக்கிறது, பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்திருந்தால் நாமினி இன்னும் உங்கள் அம்மாவாகவே இருக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. மச்சினனிடம் முடியாது என்று நீங்கள் சொன்னால் வருத்தம் வரும், அவர் அக்கா சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.