சிறுநீரகக் கல்லைத் துளை போட்டு எடுக்க முழு மயக்கமா, முதுகு ஊசியா?

ரங்கூனில் 62 வயது அப்பாவுக்கு 2.5 செ.மீ. கல், முதுகுப் பக்கம் துளை போட்டு எடுக்கப் போகிறார்கள், எந்த மயக்கம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கல் எங்கே இருக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரே கல், ஒரே துளை, ஒன்றரை மணி நேரத்தில் முடியும் என்றால் முதுகு ஊசி போதும். மான்கொம்பு போலக் கிளை விட்ட கல், இரண்டு மூன்று துளை என்றால் முழு மயக்கம்தான். 12ஆம் விலா எலும்புக்கு மேலே துளை என்றாலும் அப்படியே. அங்கே நுரையீரல் உறை ஒட்டியே இருக்கிறது. மூச்சுக்கு மூச்சு சிறுநீரகமும் மேலும் கீழும் போகும். முழு மயக்கத்தில் தொண்டைக்குள் டியூப் போட்டிருந்தால் ஊசி குத்தும் நேரம் மட்டும் மூச்சு மெஷினை நிறுத்திவிடலாம்.

முதுகு ஊசியில் 0.5 சதவீத ஹெவி புப்பிவகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்து சுமார் 3 மி.லி. போடுவார்கள். தொப்புள் வரை மரத்தால் போதாது, நெஞ்சுக்குழிக்கு மேலும் ஏற வேண்டும். அவ்வளவு ஏறினால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் இறங்கும், நாடியும் குறையலாம். ஆகவே உடனே குப்புறப் போட மாட்டார்கள். மல்லாந்த நிலையில் சிறுநீர்க் குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றுவதற்குள் மருந்து ஒரு மட்டத்தில் நின்றுவிடும். டிரிப்பும், பிரஷரை ஏற்றும் எபிட்ரின் மருந்தும் பக்கத்திலேயே இருக்கும். விழித்திருப்பவர் "மூச்சு அடைக்குது" என்று சொல்வதே ஒரு எச்சரிக்கை மணி. நடுக்கம் மட்டும் குழப்பும்: முதுகு ஊசியாலும் வரும், கல்லுக்குள் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்தாலும் வரும். சிறுநீர் கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்ற சோதனை) பார்க்காமல் மேஜை ஏறக் கூடாது.

கல் முழுதாக வெளியேறுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. முதல் சில மணி நேர வலியும் வாந்தியும் முதுகு ஊசியில் குறைவு. காலமெல்லாம் முதுகுவலி வரும் என்பது வெறும் பயம். தலைவலி வரலாம், 25–27 கேஜ் என்ற மெல்லிய பென்சில்முனை ஊசியில் அதுவும் அரிது. ரத்தம் உறையாமல் தடுக்கும் கிளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் 5–7 நாள் முன்பே, இதய டாக்டரைக் கேட்டு, நிறுத்தியிருக்க வேண்டும்.

நம் ஊரில் எல்லோரும் சொல்ல மறக்கும் விஷயம் குன்யா, அதாவது பர்மிய வெற்றிலைப் பாக்கு. வருஷக்கணக்காக வெற்றிலை பாக்கு மென்றவருக்கு வாய் இறுகிப்போய் டியூப் போடுவது கஷ்டம். அப்போ முதுகு ஊசியே பத்திரம் என்று தோன்றும். ஆனால் அது பாதியில் தெளிந்தால், குப்புறக் கிடப்பவரைத் திருப்பிப் போட்டு அதே வாயில்தான் டியூப் இறக்க வேண்டும். அப்பாவின் வாயில் மூன்று விரல் நெட்டுக்கு நுழைகிறதா என்று இன்றே பாருங்கள். நுழையாவிட்டால் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.