வாசகர் கேள்வி: எங்கள் சபைக்குச் சுவீடன் வேரா, ஜெர்மன் வேரா?

கேள்வி: பெங்களூரில் உள்ள எங்கள் தமிழ் லுத்தரன் சபைக்கு இவ்வாண்டு பவள விழா. விழா மலருக்குச் சபை வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு. பெரியவர்களில் சிலர் ‘சுவீடன் மிஷன்’ என்கிறார்கள், சிலர் ‘ஜெர்மன் மிஷன்’ என்கிறார்கள். தரங்கம்பாடியோ டென்மார்க்காரர்களுடையது. எதை எழுதுவது?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: மூன்றுமே உண்மை, காலம்தான் வேறு. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் ஜெர்மானியர்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் அப்பணியைத் தொடர்ந்தது. சுவீடன் ஊழியர்கள் சிலர் அதன் வழியாகவே தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். சுவீடன் திருச்சபையின் மிஷன் தனி அமைப்பாக உருவானது 1874இல்தான்.

சுவீடனின் பங்கை முழுமையாக அறிய முதல் உலகப் போர்க் காலத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மானிய ஊழியர்களைப் பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டவராகக் கருதிக் காவலில் வைத்து, பின்னர் நாட்டைவிட்டு அனுப்பியபோது, சபைகளும் பள்ளிகளும் மேய்ப்பரற்று நின்றன. போரில் நடுநிலை வகித்த நாட்டின் குடிமக்கள் என்பதால் சுவீடன் ஊழியர்கள் இங்கே தங்க முடிந்தது. தங்கள் பணியோடு அந்தப் பாரத்தையும் அவர்கள் சுமந்தார்கள். அக்காலத்தின் முடிவில், 1919 ஜனவரி 14 அன்று, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. சீகன்பால்கு மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைவடைய அப்போது சில வாரங்களே இருந்தன என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. 1921இல் அதன் முதல் பேராயரான ஹியூமன் சுவீடன் நாட்டவர். அவருக்குப் பின் வந்த பெக்சல், சாண்டேகிரன் ஆகியோரும் அவ்வாறே. 1956இல் ராஜா பி. மாணிக்கம் முதல் இந்தியப் பேராயரானார். ஆகவே 75 ஆண்டுகளுக்கு முன் உங்கள் சபை தொடங்கியபோது, அது இத்திருச்சபையைச் சேர்ந்ததாயின், பேராயராக இருந்தவர் சாண்டேகிரன்தான். பெரியவர்கள் ‘சுவீடன் மிஷன்’ என்று சொல்வதற்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆயினும் மலரின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கிவிடாதீர்கள். வேர் சுவீடன்வரை நீண்டாலும், வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து, சொந்த ஆலயம் இல்லாத நாளில் ஒருவர் வீட்டில் பாய் விரித்துத் தமிழில் ஆராதித்த குடும்பங்கள் உங்கள் சபையிலும் இருந்திருக்கக்கூடும். அவர்களைப் பற்றி எந்த ஐரோப்பிய ஆவணக் காப்பகத்திலும் முழுமையாகக் காண முடியாது. முதல் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் எடுத்து, ஊர்ப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் எந்த ஊர்ச் சபையிலிருந்து மாற்றுக் கடிதத்துடன் வந்தார்கள் என்று தேடுங்கள். உபதேசியார்களின் பெயர்களையும், ஓய்வுநாள் பள்ளி நடத்திய பெண்களின் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். விழா மலர்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அவர்கள்தாம். எண்பது வயதைக் கடந்தவர்களைச் சந்திப்பதை மட்டும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்குங்கள்.